நெடியில்லாத தரை

"அடுப்பை அணைக்காம விட்டிருப்பா சார். மறதி ஜாஸ்தி அவளுக்கு," என்றார் கணவர்.

கரி படிந்த கூடத்தில் தீயணைப்பு அதிகாரி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். "மரத் தரைக்கு என்ன பூசினீங்க?"

"ஆளி விதை எண்ணெய். சுத்தமான இயற்கைச் சரக்கு. வார்னிஷ் நெடி பட்டாலே அவளுக்கு இழுப்பு வந்துடும். ஆள் வைக்காம நானே முட்டி போட்டு, பலகை பலகையாத் தேய்ச்சேன். மச்சினன்கூட, 'அக்கா கொடுத்து வெச்சவ'ன்னான்."

"தேய்ச்ச துணியெல்லாம்?"

"அவ கொடியில விரிச்சுப் போட்டிருந்தா. வீடா சத்திரமான்னு ஒரு சத்தம் போட்டேன். நானே எல்லாத்தையும் சுருட்டி, ஒரு பையில அடைச்சு, மாடிப்படிக்குக் கீழ வெச்சேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "அடுப்பு அணைஞ்சுதான் இருந்தது. தீ ஆரம்பிச்சது மாடிப்படிக்குக் கீழதான்."

"அங்க ஒரு தீக்குச்சிகூடக் கிடையாதே சார்."

"வேண்டியதில்ல. அந்த எண்ணெய்த் துணியை விரிச்சுத்தான் காயப் போடணும். சுருட்டி அடைச்சா, தானாச் சூடேறிப் பத்திக்கும்."

கணவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடுப்பு காரணமில்லன்னு முதல்ல வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க சார்," என்றார் அதிகாரி. " பாவம், மனசுல போட்டுக் குமையப் போறாங்க."

கணவர் தலையை ஆட்டினார்.

நேற்று ஆஸ்பத்திரியில், புகை அடைத்த நெஞ்சோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அடுப்பை மறந்துட்டேன் போல, மன்னிச்சிடுங்க" என்றாள் அவள்.

"மன்னிச்சுட்டேன்" என்று அவர் பெரிய மனசு பண்ணிச் சொன்ன பிறகுதான் கடைசியாகக் கண்ணை மூடினாள்.