கோயில் வேலை முடியுமட்டும்

"அண்ணை, நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். எங்களுக்கேன் உந்த விரதம்?"

றயன் நேரடியாகவே கேட்டுவிட்டான். கேட்காமல் என்ன செய்வான்? அம்மா விடிய எழும்பிச் சமைத்துக் கட்டிக் கொடுத்த கணவாய்க் கறி. பெட்டியைத் திறந்த கையோடே மூடச் சொன்னால் ஆருக்குத்தான் கோபம் வராது?

மூடச் சொன்னவர் ஜொனதன். மருதனார்மடச் சந்தியில் ஒரு மேல்மாடியில், கைபேசிச் செயலிகள் செய்து கொடுக்கிற கொம்பனி நடத்துகிறவர்.

"கோயில் வேலை முடியுமட்டும் ஒபிஸிலை மச்சம் இல்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. வீட்டிலை போய் என்னத்தையும் தின்னுங்கோ."

கோயில் வேலை என்றது பக்கத்து ஊர்க் கோயிலுக்கான செயலியை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊராக்கள் அங்கிருந்தபடியே அர்ச்சனைக்குப் பேர் கொடுக்கலாம், திருவிழா பார்க்கலாம். மாதிரி ஒன்று செய்து முடித்தாயிற்று. கோயில் சபை சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

வெளிநாட்டு வேலைகள் ஒவ்வொன்றாய் நின்றுபோன நேரம். இது கிடைத்தால் கொம்பனி தப்பும். கிடைக்காவிட்டால் ஆக்களைக் குறைக்க வேண்டும். அது ஒபிஸில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவருக்கு முன்னால் வேறு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அவர் தன்ரை அறைக்குள் போனதும் றயன் தொடங்கினான். "சேர்ச்சிலை வேதம் வாசிக்கிற மனிசன். வாற கிழமை திருநீறும் பூசிக்கொண்டு வருவார், இருந்து பாருங்கோ. உது பக்தியில்லை, பிஸ்னஸ்."

எல்லாரும் சிரித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கிற ஆருக்கும் அப்படித்தான் தெரியும்.

சபைத் தலைவர் நமசிவாயம் அந்தக் கிழமையே வந்தார். செயலியைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கேதீஸ்வரி, போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். மனிசனுக்குப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் இழுத்தார்.

"தம்பி, குறை நினையாதையும். சாமான் நல்ல சாமான். ஆனால் சபையிலை ஒரு கதை. வேதக்காரர் செய்ததிலை அர்ச்சனைக்குப் பேர் குடுக்கிறதோ எண்டு இரண்டொருத்தர் கேக்கினம்."

பக்கத்தில் இருந்த றயனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, உங்கடை வேலை முடியுமட்டும் எண்டு சொல்லி இவர் எங்களை இஞ்சை மச்சம் தின்ன விடுறேல்லை."

நமசிவாயத்தின் முகம் மலர்ந்தது.

"அப்பிடியோ? உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ. எங்கடை கோயிலிலை இருக்கிற பயபக்தியிலைதான் நீர் மச்சத்தை நிப்பாட்டினனீர் எண்டு நான் சபையிலை சொல்லட்டோ? அதோடை எல்லாற்றை வாயும் அடங்கும்."

ஒரு 'ஓம்' போதும். றயன் மேசைக்குக் கீழால் முதலாளியின் காலைத் தட்டினான்.

"இல்லை ஐயா," என்றார் ஜொனதன். "அதுக்காக நிப்பாட்டேல்லை. பொய் சொல்லிக் கோயில் வேலை எடுக்க என்னாலை ஏலாது."

"அப்ப என்னத்துக்கு நிப்பாட்டினனீர்?"

"அதைச் சொல்ல ஏலாது ஐயா."

நமசிவாயம் எழும்பினார். "சரி தம்பி, யோசிச்சுச் சொல்லுறம்."

எங்கடை ஊரில் 'யோசிச்சுச் சொல்லுறம்' என்றால் பதில் சொல்லியாயிற்று என்று அர்த்தம்.

அவர் படியிறங்கினாரோ இல்லையோ, றயன் பிடித்துக்கொண்டான்.

"என்ன மனிசன் அண்ணை நீங்கள்? ஒரு ஓம் சொல்லியிருந்தால் வேலை எங்கடை கையிலை. இனிக் கொம்பனியை என்ன செய்யப் போறியள்?"

"தெரியாதடா. எனக்கும் பயமாத்தான் கிடக்கு."

"வேலையும் போயிட்டுது. நாளைக்கு நான் கணவாய் கொண்டுவருவன்."

"கொண்டு வராதை."

"இனி ஆருக்கு நடிக்கிறியள் அண்ணை?"

ஜொனதன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உந்தக் கேதீஸ்வரி வேலைக்கு வந்த புதுசிலை, ஒரு மத்தியானம் கீழை சைக்கிள் விடுற இடத்திலை நிண்டு சாப்பிட்டவள். மழை வேறை. என்ன பிள்ளை, மேலை வந்து இருந்து சாப்பிடன் எண்டன். மகளுக்குச் சுகமில்லையாம். நேர்ந்து விரதம் பிடிக்கிறாளாம். மச்சம் வைச்சிருக்கிற மேசையிலை இருந்து சாப்பிட ஏலாதாம்."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"அதைத்தான் நானும் கேட்டன். 'புதுசா வந்தனான், என்னாலை மற்றவையின்ரை சாப்பாட்டைக் குழப்பாதையுங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ' எண்டு அழுதிட்டாள்."

றயனுக்கு உறைத்தது. சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்துக் கதிரை அவனுடையதுதான்.

"அதாலைதான் கோயில் வேலையைச் சாட்டினன்," என்றார் ஜொனதன். "இப்ப அந்தச் சாட்டும் போயிட்டுது. இனி என்னத்தைச் சாட்டுறது எண்டு நீயே சொல்லு."

றயன் எழும்பிப் போய்விட்டான்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட வந்து இருந்தார்கள். கேதீஸ்வரியும் வந்து இருந்தாள். றயன் முழங்கையைச் சொறிந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"எனக்குச் சரியான கிரந்தி. உடம்பெல்லாம் ஒரே கடி. மச்சம் ஆகாதாம், மணமும் ஆகாதாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் ஒபிஸுக்கு மீன் கொண்டு வராதையுங்கோ."