பேசக்கூடாத வளைவு

குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர், பின்னால் வரும் மனைவியைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

ஒதுங்கியது பள்ளத்துப் பக்கம்.

காலையிலேயே வழிகாட்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "குதிரை வந்தா மலையை ஒட்டி நில்லுங்க. பள்ளத்துப் பக்கம் பார்க்கத் தரை மாதிரிதான் இருக்கும். அடியில ஒண்ணும் இருக்காது, வெறும் பனி."

அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் யாரோ ஒரு பெரியவருக்குக் குனிந்து ஷூ கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு உபகாரம் என்று கிளம்பிவிட்டால் அவருக்கு இரண்டு காதும் அடைத்துவிடும். பேருந்தில் இடம் கிடைத்தால் எழுந்து கொடுத்துவிடுவார். வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவரை முன்னால் விடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இதற்காகத் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்றும் அதே கதைதான். மட்டக்குதிரை மேல் சுருண்டு உட்கார்ந்திருந்த நோயாளிப் பெண்ணுக்கு நல்ல பாதையைக் கொடுத்துவிட்டு, இவர் விளிம்புக்குப் போய்விட்டார்.

பாதை அங்கே அரிவாளாக வளைகிறது. அவர் ஒரு முனையில், அவள் மறு முனையில், நடுவில் பள்ளம். அதனால்தான் அவர் காலடியை அவளால் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது.

கூரை ஓரம் போல் நீட்டிக்கொண்டிருந்த பனி மேல் அவர் நின்றார். அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. பனியின் ஊடாக வெயில் நீலமாகத் தெரிந்தது.



கூப்பிட வேண்டும். 'ஏங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. அடுப்படியிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டால் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

ஆனால் அந்த வளைவில் யாரும் வாய் திறப்பதில்லை. மேலே மலைத்தாய் தூங்குகிறாள் என்பது ஐதீகம். மலை உச்சியிலிருக்கும் புனிதச் சுனைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் அதைக் கடக்க வேண்டும். "சத்தம் போட்டா புரண்டு படுப்பா. அப்புறம் நம்ம எல்லாரையும் சேர்த்துப் போர்த்திடுவா" என்று சொல்லிச் சொல்லித்தான் வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் துணி கட்டினார். யாரும் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே மலை முழுக்கப் பனி சரிந்தாற்போல் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் கையை ஆட்டினாள். இந்தப் பக்கம் வாங்க, வாங்க என்று வெறி பிடித்தவள் போல் ஆட்டினாள்.

அவர் சிரிப்பது தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது. அவரும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

தள்ளிப் போங்க என்று காட்டினாள். வழி நெடுக அவரை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வந்தவள் அவள். இப்போதும் கையில் கைப்பேசி இருந்தது. அவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, விறைப்பாக நின்று, ஓர் அடி பின்னால் வைத்தார்.

ஓடிப் போகவும் வழியில்லை. ஆள் பின் ஆளாக மட்டுமே நடக்கக்கூடிய பாதை. முன்னால் போனவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, பாவம், மயக்கம் போல என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இவள் அதைத் தட்டிவிட்டு, வாய்த்துணியைக் கழுத்துக்கு இறக்கினாள். வாயைத் திறந்தாள்.

மேலே பார்த்தாள். பிறகு பாதையைப் பார்த்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில், கூட்டத்தோடு வந்த குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நடந்துகொண்டிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டாள்.

பாவி மனுஷா, ஓர் அடி இந்தப் பக்கம் வையேன் என்று மனசுக்குள் கதறினாள். மனசுக்குள் கதறினால் யாருக்குக் கேட்கும்?

பனி உடைந்தபோது அவள் இருந்த இடத்துக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அவர் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

வழிகாட்டி கூட்டத்தை நிற்கவிடாமல் விரட்டிக்கொண்டுபோய், வளைவைத் தாண்டியிருந்த தங்குமிடத்தில் உட்கார வைத்தார். அவளை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள்.

அவள் வாய் திறந்ததையும் மூடியதையும் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். குழந்தைகளின் அம்மாக்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க பிள்ளைங்க உசுரு நீங்க போட்ட பிச்சைக்கா" என்று அழுதாள்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் உட்கார்ந்திருக்க முடிந்தது.

வழிகாட்டி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் அவரை நிறுத்தினாள்.

"அண்ணா, நான் பார்த்துட்டேன். ஆனா கத்தல. வாயை மூடிக்கிட்டேன்."

வழியில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை வைத்திருந்த மனிதர் அவர். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல், குதிரைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வளைவுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

அவள் சன்னலுக்கு ஓடினாள். வழிகாட்டியும் குதிரைக்காரர்களும் உடைந்த விளிம்பின் அருகே குப்புறப் படுத்து, பள்ளத்துக்குள் தலையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். "ஐயா! ஐயா!" ஒருவர் வாயிலும் துணி இல்லை. பாறைக்குப் பாறை மோதி அந்தக் குரல்கள் மலையெல்லாம் சுற்றித் திரும்பி வந்தன. ஒருவர் தகரத் தட்டை எடுத்துக் கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தார்.

அவள் மேலே பார்த்தாள்.

பனி அப்படியே இருந்தது.