கட்டிலிலிருந்து ஒரு கயிறு

வடக்கேயிருந்து இந்தத் தெற்குப் பட்டணத்துக்கு வந்து மூன்று நாளாகிறது. பழைய வீட்டில் என் பெண்டாட்டி நடமாடுவதைப் பார்த்தவன் அவளுக்குக் கண் தெரியாது என்றால் நம்பமாட்டான். இங்கே தண்ணீர்ப் பானையைத் தேடிப் போய்ச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டு நிற்கிறாள். இருக்கிற ஒரே ஜன்னலையும் எதிர்வீட்டுச் சுவர் மறைத்துவிட்டது. முகத்தில் வெயில் படாததால், இப்போது காலையா மாலையா என்று என்னைக் கேட்கிறாள். நாளை முதல் எனக்குக் கிடங்கில் காவல் வேலை. அதனால் கட்டிலிலிருந்து பானைக்கு ஒரு கயிறும் கக்கூஸுக்கு ஒரு கயிறும் இழுத்துக் கட்டியிருக்கிறேன். பானைக் கயிற்றில் ஒரு முடிச்சு, மற்றதில் இரண்டு. அவள் அதைப் பிடித்துக்கொண்டு போய்ப்போய் வருகிறாள். வளையல் கயிற்றில் உரசுகிறது. வாசலில் அடுத்த வீட்டுத் தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு நிற்கிறாள். "சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க பெரியவரே. நடுநடுவுல வந்து எட்டிப் பாக்கறேன்." "உன்ன எனக்கு மூணு நாளாத்தான் தெரியும்" என்கிறேன். முகம் சுண்டிப்போய்த் திரும்பிவிடுகிறாள். "நல்லா இருக்குங்க, ஆட்டுக்குட்டிய கயித்துல கட்டி மேய விட்ட மாதிரி" என்று என் பெண்டாட்டி சிரிக்கிறாள். பிறகு கட்டிலின் இந்தப் பக்கம் வந்து காற்றில் துழாவுகிறாள். "வாசலுக்குக் கயிறு எங்கங்க?" "வாசல்ல உனக்கு என்னடி வேலை?" நீட்டிய கை அந்தரத்திலேயே நிற்கிறது. "வெளியில பூட்டிட்டா போவீங்க?" மடியில் கிடக்கும் புதுப் பூட்டின்மேல் துண்டைப் போட்டு மூடுகிறேன், அவள் பார்த்துவிடுவாள் என்று பயந்தவன் மாதிரி.