எம்ரிஸின் சொந்தக்காரர்கள்

"எம்ரிஸ் எனக்கு மச்சான் முறை. நான் வெளியில போயிடறேன்" என்று இறைச்சிக்கடை கீத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பிலிப்பாவுக்குப் பெருமையாக இருந்தது. அது அவள் கொண்டுவந்த விதி.

போன வருடம் ஹோல்ம்கேட் ரக்பி லீக் கிளப்பின் பழைய தலைவர், தன் தங்கை மகனையே பயிற்சியாளராக்கினார். அணி கடைசி இடத்துக்குப் போனது; தலைவர் வீட்டுக்குப் போனார். ஊரோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் நிர்வாகக் குழுவில் வேண்டும் என்று, லண்டனிலிருந்து வக்கீல் பிலிப்பாவை வரவழைத்தார்கள். அவள் போட்ட முதல் விதி: விண்ணப்பித்தவருக்குச் சொந்தம் என்றால், முடிவெடுக்கும்போது அறையில் இருக்கக் கூடாது.

இன்று புதுப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் நின்றவர்கள் இருவர். ஒருவர் வெளியூரான கம்ப்ரியாவிலிருந்து வந்த நீல். இன்னொருவர் எம்ரிஸ்; இந்த அணிக்காகவே ஆடி மூக்கையும் முட்டியையும் உடைத்துக்கொண்டவர், ஊருக்கே செல்லப்பிள்ளை. கிறிஸ்துமஸ் சாப்பாடு அவருக்கு வருடத்துக்கு ஒரு வீட்டில். இந்த வருடம் யார் வீட்டில் என்று அடிபிடியே நடக்கும்.

"வேற யாருக்காவது உறவு உண்டா?" என்று பிலிப்பா கேட்டாள்.

செயலாளர் மோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டார். "எங்கம்மாவும் அவங்கம்மாவும் அக்கா தங்கச்சி பொண்ணுங்க."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?" என்றார் பொருளாளர் க்ளைவ்.

"நீ கேட்டியா?"

க்ளைவ் கொஞ்சம் யோசித்தார். "என் மருமகளுக்கு அவர் பெரியப்பா முறை வேணும். நானும் கிளம்பறேன்."

புதுத் தலைவர் டெரிக் மட்டும் மிச்சம். காலி நாற்காலிகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "எங்க தாத்தா வழியில ஒரு சொந்தம். விளக்கிச் சொன்னா இருட்டிடும்" என்று சொல்லிவிட்டு அவரும் நடையைக் கட்டினார்.

இப்படி ஒரு நேர்மையான குழுவை பிலிப்பா லண்டனில்கூடப் பார்த்ததில்லை. ஆனால், முழுப் பாரமும் இப்போது அவள் தலையில்.

காலை நேர்காணலில், எதிரணிகள் எங்கே சறுக்குகின்றன, உள்ளூர்ப் பையன்களைச் சலுகை பார்க்காமல் எப்படி எடுப்பது என்று நீல் புட்டுப் புட்டு வைத்திருந்தார். எம்ரிஸிடம் என்ன திட்டம் என்று கேட்டதற்கு, "பசங்களுக்கு வயிறு நிறைய சாப்பாடு, காது நிறைய திட்டு. போதும்" என்றார்.

அவள் இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று, மழையில் நின்றவளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டவர் எம்ரிஸ்தான். அது நினைவுக்கு வந்து மனசை என்னவோ செய்தது. அதற்காக வேலையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

கீழே கிளப்பின் பாரில் நால்வரும் பீருடன் காத்திருந்தார்கள்.

"நீல்" என்றாள் பிலிப்பா.

"நல்ல முடிவு" என்றன நான்கு குரல்களும் ஒன்றாக.

"எம்ரிஸ்கிட்ட உங்கள்ல யாராவது..."

"நாங்க எப்படிங்க சொல்றது? சொந்தமாச்சே" என்று கீத் தன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெளியே மைதானத்தின் பார்வையாளர் வரிசையில் தனியாக உட்கார்ந்து எம்ரிஸ் பன்றி இறைச்சி அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தார். பிலிப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எம்ரிஸ், இந்தத் தடவை உங்களுக்கு இல்ல. நீலை எடுத்திருக்கோம். முடிவு என்னோடதுதான்."

அவர் கடித்த அப்பத்தைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

"ஆசையாத்தான் இருந்துச்சு, கண்ணு. பரவாயில்ல. முகத்துக்கு நேரா வந்து சொன்னியே, அது போதும்."

பிலிப்பா பார் பக்கம் கைகாட்டினாள். "உங்க சொந்தக்காரங்க மேல கோவப்படாதீங்க. உறவுன்னு ஒத்துக்கிட்டு நாலு பேருமே கண்ணியமா வெளியில போயிட்டாங்க. ஒருத்தரும் உங்களுக்கு எதிரா ஓட்டுப் போடல."

"எந்த நாலு பேரு?"

"கீத், மோரீன், க்ளைவ், டெரிக்."

எம்ரிஸ் பார் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் நான்கு தலைகள் சட்டென்று குனிந்தன. அவருக்கு உடம்பு குலுங்கச் சிரிப்பு வந்தது.

"நான் அநாதை இல்லத்துல வளர்ந்தவன், கண்ணு."