பத்தாவது பாட்டு

"அந்தாள் திரும்பத் தொடங்கிட்டுது" என்று ஜீவரத்தினம் உள்ளங்கையால் சுவரில் அடித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிற்றார் வாசிக்கும் சத்தம், கூடவே பாட்டு. லண்டன் மனோர் பார்க்கில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். பக்கத்து வீட்டு அயர்லாந்துக்காரர் எட்வேட் இருமினாலே இங்கே கேட்கும்.

ஜீவரத்தினத்தின் மனைவி சிவனேஸ்வரி இறந்து அன்று ஆறாம் நாள்.

"அப்பா, அவர் பாட்டுக்காரர். தன்ர வீட்டில பாடுறார்" என்றாள் மகள் கௌசி. "கடைசி சோலோ அல்பமாம். ஸ்டூடியோவுக்குக் கட்டுபடியாகாதெண்டு முன் அறையிலதான் பதியிறார். பத்துப் பாட்டில ஒன்பது முடிஞ்சுதாம். அவற்ற மனுசி டயனா அன்ரி சொன்னவ."

"கடைசி, கடைசி எண்டுதான் எல்லாரும் விக்கிறவை. அடுத்த வருசம் இன்னொரு கடைசி வரும்."

"நேற்று எங்கட ஆக்கள் ஹோலுக்க இருந்து காட்ஸ் விளையாடிச் சிரிச்சது அவைக்குக் கேட்டிருக்காதோ?"

"அவை துக்கம் விசாரிக்க வந்தவை."

"காட்ஸ் கட்டோடையோ?"

ஜீவரத்தினம் செருப்பை மாட்டினார்.

எட்வேட்டே கதவைத் திறந்தார். ஜீவரத்தினம் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினார்.

"என் மனைவி இறந்து ஆறு நாள். நீர் பாடிக்கொண்டிருக்கிறீர்."

"மன்னிக்க வேண்டும். எங்கள் ஊரில் இறந்த வீட்டுக்கே போய்ப் பாடுவோம். அதுதான் மரியாதை. நான் யோசிக்கவில்லை."

"இது அயர்லாந்து இல்லை."

பின்னால் வந்து நின்ற கௌசி, "இது யாழ்ப்பாணமும் இல்லையப்பா" என்று தமிழில் முணுமுணுத்தாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

"எங்களுக்கு முப்பத்தொரு நாள் துக்கம். அதுவரைக்கும் பாட்டுச் சத்தம் என் காதில் விழக் கூடாது. பிறகு வாழ்நாள் முழுக்கப் பாடும், நான் கேட்க மாட்டேன்."

எட்வேட் திரும்பி உள்ளே சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

"சரி. முப்பத்தொரு நாள்" என்றார். கதவை மெல்லச் சாத்தினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பாட்டில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. வந்த சனம் சாப்பிட்டுவிட்டுப் போனது. முப்பத்திரண்டாம் நாள் விடிந்தும் சுவருக்கு அப்பால் சத்தமில்லை. முப்பத்துமூன்றிலும் இல்லை. முப்பத்துநாலாம் நாள் ஜீவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை.

"ரோசம் காட்டுறார். வேணுமெண்டே எங்களைக் குற்றவாளி ஆக்கப் பாக்கிறார்."

"பாடினாலும் பிழை, பாடாட்டிலும் பிழையோ?"

"நீ சும்மா இரு. நான் போய்க் கேக்கிறன்."

இந்த முறை டயனா கதவைத் திறந்தாள்.

"கெடு முடிந்து மூன்று நாளாகிவிட்டது. உங்கள் கணவர் ஏன் இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கிறார்? மிச்சம் இருக்கிற அந்த ஒரு பாட்டையும் பாடி முடிக்கட்டும். நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை."

டயனா வழிவிட்டு ஒதுங்கினாள்.

உள்ளே சோபாவில் எட்வேட் இருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு. மடியில் கொப்பியும் பேனையும். ஜீவரத்தினத்தைக் கண்டதும் சிரித்துத் தலையசைத்தார்.

"தொண்டையில் கான்சர்" என்றாள் டயனா. "குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பதினேழு நாள். இனி அவரால் பாட முடியாது."

ஜீவரத்தினம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

"ஒப்பரேஷன் திகதி... அவருக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும். நீங்கள் வந்து கதவைத் தட்டிய அன்றைக்கு, இன்னும் பதினொரு நாள் இருந்தது."