ஓட்டுப் போட ஒரு தேர்வு

தேர்வில் தேறினால்தான் ஓட்டு. ஓட்டுப் போட்டே தீருவேன் என்று அடம்பிடித்த கணவரை மனைவி அழைத்து வந்திருந்தாள். அவருக்கு மறதி நோய் முற்றியிருந்தது.

எந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை. அதிகாரி தவித்தார்.

"அம்மா, ஐயாவுக்கு மட்டும் விலக்கு கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாங்க. யாருக்கும் விலக்கு கிடையாதுன்னுதானே சட்டம்? அன்னிக்கு நான் தேறாம அழுதப்போ யாரு விலக்கு கொடுத்தா?"

அதிகாரி கடைசிக் கேள்விக்கு வந்தார். "ஐயா, இந்தத் தேர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது யாரு?"

அவர் முகம் மலர்ந்தது. மனைவியிடம் குனிந்தார். "எவனோ ஒரு பாவி. உன்னை அழ வெச்சானே, அவன்தானே?"

அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அவருடைய கையை அவள் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க. பாவம், அவனை விட்டுடுங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."