எண்பத்து நான்கு கண்ணாடிகள்

"இப்பல்லாம் எவன் கையில பேனா கிடைச்சாலும் அடுத்தவன் நெஞ்சுக்குள்ள கையை விட்டுத் துழாவ ஆரம்பிச்சிடுறான்! முன்னல்லாம் முதுகுக்குப் பின்னால பேசினாங்க. இப்ப அச்சடிச்சு வீடு வீடாக் கொடுக்கிறாங்க!"

ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில், சபைப் பத்திரிகையைத் தயாரிக்கும் மைத்துனியின் மேசைமேல் அந்த மாத இதழைப் பொத்தென்று போட்டார் ஹாரன். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். குரலைக் கேட்டு வைத்த பட்டப்பெயர்.

"மெதுவா அத்தான், ஜன்னல் அதிருது. என்ன ஆச்சு?"

"பன்னிரண்டாம் பக்கம். ரெண்டு நாளா எழுத்துக் கூட்டிப் படிச்சேன். முழுக்க முழுக்க என்னைப் பத்தி!"

அவள் அந்தப் பக்கத்தைப் புரட்டி வாய்விட்டுப் படித்தாள். 'மௌன ஜெபத்தில் எல்லோரும் கண்மூடியிருக்க, நான் மட்டும் விழித்திருக்கிறேன். கடவுளோடு பேசும் வார்த்தைகள் என்னை விட்டுப் போய்விட்டன. தலையைத் திருப்பாமல், என் இடத்திலிருந்தே ஜன்னல் கண்ணாடிகளை எண்ணுகிறேன். எண்பத்து நான்கு. பிறகு ஆமென்.'

"இந்த மாசம் வந்ததுலயே இதுதான் உண்மையான எழுத்து. இது எப்படி நீங்க ஆவீங்க?"

ஹாரன் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் பாதியாய் இறங்கியது.

"உன் அக்கா இருந்தவரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து முணுமுணுன்னு ஜெபிப்பா. படிக்காதவன் எனக்கு என்ன தெரியும்? அவ சொல்றதையே நானும் சொல்லிட்டு வந்தேன். அவ போய் ரெண்டு வருஷமாச்சு. கண்ணை மூடினா ஒண்ணும் வரலை. சும்மா உட்கார முடியுமா? எண்ணுறேன்."

அவள் இதழை மூடி வைத்தாள்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சுவத்துகிட்டகூடச் சொல்லலை! அதான் கேட்கிறேன், எழுதினவன் எவன்?"

"எனக்கே தெரியாது. டைப் அடிச்சு வாசல் பெட்டியில போடுறாங்க, நான் எடுத்துப் போடுறேன். நம்ம பத்திரிகையில யார் பேரும் போடுறதில்லையே. பேர் போட்டா எல்லாரும் பரிசுத்தவான் மாதிரியே எழுதித் தள்ளுவாங்க அத்தான். பேர் இல்லாததாலதான் இவர் மனசைத் திறந்திருக்கார்."

"அவன் மனசைத் திறக்கட்டும், என் மனசை எதுக்குத் திறக்கிறான்? பேச்சே வேணாம். சபை ரிஜிஸ்டரை எடு. என் பேரை அடிச்சிடு. வர்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தப் படி ஏறமாட்டேன்."

"நாற்பது வருஷம் அக்காவோட உட்கார்ந்த இடம் அத்தான்."

"அதனாலதான் சொல்றேன். அவ இடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து வேஷம் போட முடியலை. நம்ம போதகரைப் பாரு. மௌன ஜெபம்னா மூக்குக்கண்ணாடி பளபளக்க, கல்லு மாதிரி நிக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலே மெய் சிலிர்க்குது. இப்பல்லாம் ஆமென் சொல்லி முடிக்கவே அவருக்கு மனசு வர்றதில்லை, அவ்வளவு நேரம் நிக்கிறார். ஜெபம்னா அது!"

அவள் ரிஜிஸ்டரை எடுத்தாள். திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். உங்க கணக்கும் எண்பத்து நாலா?"

ஹாரன் தயங்கினார். "எழுபத்திரெண்டு. அந்த இடத்துல மட்டும் எழுதினவன் கோட்டை விட்டுட்டான்."

"அப்ப அது நீங்க இல்லை."

"நான்தான்! எழுதுறவனுங்களுக்குக் கணக்கு எங்க வரும்? வா, எண்ணிக் காட்டுறேன்."

ஆலயம் காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் மும்மூன்று ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சதுரக் கண்ணாடிகள். ஹாரன் தன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினார். எழுபத்திரெண்டு. அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினாள். எழுபத்திரெண்டு. அவர் விடவில்லை. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று பெஞ்சு பெஞ்சாக மாறி உட்கார்ந்து பார்த்தார்.

"பார்த்தியா? எங்க உட்கார்ந்தாலும் அதேதான். ஆளு நான், கணக்கு தப்பு! நீ அங்கேயே இரு. உனக்குப் புரியற மாதிரி ஒவ்வொண்ணா விரலை நீட்டிக் காட்டுறேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிரசங்க பீடத்தின் மூன்று படிகளை ஏறினார். பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பி நின்று, விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். இடதுபக்கம் முப்பத்தாறு. வலதுபக்கமும் முடிந்தது.

"எழுபத்திரெண்டு!" என்றார்.

ஆனால் நீட்டிய விரல் இறங்கவில்லை. எதிரே, வாசல் கதவுக்கு மேலே, ஏழாவதாய் ஒரு ஜன்னல். இத்தனை வருடமும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெளியே போகும்போது எல்லோரும் செருப்பைத்தான் தேடுவார்கள். அண்ணாந்து பார்த்தவர் யார்?

"எழுபத்து மூணு... எழுபத்து நாலு..." விரல் தானாக நகர்ந்தது. எண்பத்து நான்கில் நின்றது.

முதல் பெஞ்சில் அவள் மெல்ல எழுந்தாள். "அத்தான்... ஜெப நேரத்துல அந்த இடத்துல நிக்கிறது ஒருத்தர்தானே?"

ஹாரன் படி இறங்கினார். பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"பேரை அடிக்காதே, இருக்கட்டும்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கும்போதும் அவர் குரல் ஆலயம் வரை கேட்டது. "ஆனா நான் எண்ணுறதைப் போதகர்கிட்ட எவன் போய்ப் போட்டுக் கொடுத்தான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்!"